கேட்பவருக்குப் பத்து நோட்டு, எழுதுபவருக்கு ஒரு நோட்டு

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். எட்டாம் வகுப்பில் கணக்குப் பாடம் தொடங்குவதற்கு முன் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு மாணவன் எழுந்தான். அவன் அக்கா அந்த ஆண்டு பிளஸ் டூ முடித்தவள்.

"அக்கா ரிசல்ட்டை வீட்ல இருக்கிற நாலு போன்லயும் பார்த்தோம் டீச்சர். நாலுலயும் ஒரே மார்க்குதான் வந்துச்சு. ஆனா மாமா தட்கல் டிக்கெட் போடும்போது மட்டும் ஒரு போன்ல சீட் இருக்குங்குது, அமுக்கினா வெயிட்டிங் லிஸ்ட்டுங்குது. ரெண்டும் கம்ப்யூட்டர்தானே?"

நான் கணினி ஆசிரியர் இல்லை. கணிதப் பட்டதாரி ஆசிரியர். பள்ளியில் 'ஆன்லைன் வேலை' என்று எது வந்தாலும் என் மேசைக்கு வந்து சேருவதால், கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டவள். அன்று அவனுக்கு "நல்ல கேள்வி, நாளைக்குச் சொல்றேன்" என்றுதான் பதில் சொன்னேன். அந்த 'நாளை' வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் நான் தெரிந்துகொண்டதை, நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்று நினைத்து எழுதுகிறேன்.

2025 மே 8 அன்று பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியானது. தேர்வு எழுதியவர்கள் ஏறத்தாழ 7.9 லட்சம் பேர். ஒரு மாணவியின் முடிவை அவள் மட்டுமா பார்க்கிறாள்? அப்பா பார்ப்பார், சித்தி பார்ப்பார், பக்கத்து வீட்டு அண்ணன் பார்ப்பார். பதிவு எண் கைக்குக் கிடைத்த அனைவரும் பார்ப்பார்கள். ஆக, சில நிமிடங்களுக்குள் பல லட்சம் கேள்விகள். ஆனால் அத்தனை கேள்விகளும் ஒரே வகை: "இந்த எண்ணுக்கு என்ன மதிப்பெண்?" யாரும் அங்கே எதையும் மாற்றுவதில்லை. வெளியிட்ட நொடியில் அந்தப் பட்டியல் உறைந்துவிடுகிறது. உறைந்ததை எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம். பத்துக் கணினியில் பத்து நகல் வைத்து, முதலில் வருபவரை முதல் கணினிக்கும் அடுத்தவரை இரண்டாவதற்கும் என்று மாற்றி மாற்றி அனுப்பலாம். தேசியத் தகவல் மையத்தின் தளத்தில் பார்த்தாலும், டிஜிலாக்கரில் பார்த்தாலும், குறுஞ்செய்தியில் வந்தாலும் மதிப்பெண் ஒன்றுதான். எந்த நகலைக் கேட்டோம் என்பது முக்கியமே இல்லை.

ரயில் இருக்கை அப்படி இல்லை. 'காலியா?' என்று கேட்பது ஒரு வேலை. 'எனக்குக் கொடு' என்பது வேறு வேலை. இரண்டாவது வேலை நடந்த உடனே முதல் கேள்வியின் விடை மாறிவிடுகிறது. பத்து நகல் வைத்து, ஒவ்வொரு நகலிலும் ஒருவர் 32-ஆம் எண் இருக்கையை எழுதிக்கொண்டால், சிதம்பரத்தில் ஏறும்போது ஒரே படுக்கைக்குப் பத்துப் பேர் நிற்பார்கள்.

கணினித் துறையில் முதல் வகையைப் படிக்கும் வினவல் என்றும், இரண்டாவது வகையை எழுதும் வினவல் என்றும் பிரிக்கிறார்கள். நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலைப் புரட்டியபோது இந்தப் பிரிவு அங்கேயே கண்ணில் பட்டது. எஸ்.க்யூ.எல். கட்டளைகளை ஐந்து வகையாகப் பிரிக்கும் இடத்தில், இன்சர்ட், அப்டேட், டெலிட் ஆகியவை ஒரு பெட்டியில் இருக்கின்றன. செலக்ட் மட்டும் தனிப் பெட்டியில், 'வினவல் மொழி' என்ற பெயரில் நிற்கிறது. மாணவர்கள் இதை இரண்டு மதிப்பெண் வினாவாக மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறார்கள். செலக்ட் ஏன் தனியாக உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டால், லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் தளங்கள் நிற்பதும் விழுவதும் அந்தப் பிரிவை ஒட்டித்தான் என்று சொல்லலாம்.

இதைக் கற்றுக்கொள்ளும்போது எனக்குக் கணினி நினைவுக்கு வரவில்லை. ஒரு பழைய தவறு நினைவுக்கு வந்தது. என் கையால் நடந்தது.

பணிக்கு வந்த இரண்டாம் ஆண்டு. வேறு ஊர், வேறு பள்ளி. பத்தாம் வகுப்பு ஆசிரியர் நான். தலைமையாசிரியர் அறையில் சேர்க்கைப் பதிவேடு இருக்கும். அதுதான் மூலம். ஜூன் மாதத்தில் அதைப் பார்த்து வகுப்புப் பெயர்ப் பட்டியல் எழுதிக்கொண்டேன். ஆகஸ்டில் ஒரு மாணவியின் அம்மா வந்து, தந்தை பெயரின் தலைப்பெழுத்து தவறாக இருக்கிறது என்று ஆவணங்களைக் காட்டினார். 'கே' என்று இருந்ததைச் சிவப்பு மையில் அடித்து 'ஜி' என்று எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்திட்டார். சேர்க்கைப் பதிவேடு சரியாகிவிட்டது. என் வகுப்புப் பட்டியலில் 'கே' அப்படியே இருந்தது. பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் நாளில், தலைமையாசிரியர் அறையில் கூட்டம். பதிவேட்டுக்காகக் காத்திருக்க வேண்டும் என்று நான் என் பட்டியலைப் பார்த்தே எழுதிக் கொடுத்துவிட்டேன். பெற்றோர் கையெழுத்திட்ட தாளிலும் அந்த ஓர் எழுத்தை யாரும் கவனிக்கவில்லை. மதிப்பெண் சான்றிதழ் 'கே' என்று வந்தது. அதைத் திருத்த அந்தக் குடும்பம் எத்தனை முறை பேருந்து ஏறியது, எத்தனை நாள் கூலியை விட்டது என்பது எனக்குத் தெரியும். பாலிடெக்னிக் சேர்க்கைக்கு அந்தப் பெண் சான்றிதழோடு விளக்கக் கடிதமும் எடுத்துக்கொண்டு போனாள்.

நகலைப் பார்த்ததே தவறு என்று சொல்ல மாட்டேன். தினமும் வருகை அழைக்க நகல் போதும்; அதற்கெல்லாம் தலைமையாசிரியர் அறைக்கு ஓட முடியாது. எந்த வேலைக்கு நகல் போதும், எந்த வேலைக்கு மூலத்திடமே போக வேண்டும் என்று பிரிக்காமல் விட்டதுதான் தவறு. பெரிய தரவுத்தளங்களை நடத்துபவர்களும் நாள்தோறும் இதே முடிவைத்தான் எடுக்கிறார்கள், நொடிக்குப் பல ஆயிரம் முறை.

அவர்களின் ஏற்பாடு இப்படி இருக்கும். ஒரு கணினி மூலம். எழுதும் வேலை எல்லாம் அதற்கே போகும். மற்ற கணினிகள் நகல்கள். மூலத்தில் ஒன்று எழுதப்பட்டதும், "இன்னது மாறியது" என்ற செய்தி நகல்களுக்குப் போகும். அவையும் தங்கள் பிரதியில் மாற்றிக்கொள்ளும். படிக்கும் வேலை நகல்களுக்குப் பகிர்ந்து அளிக்கப்படும். வாசலில் ஒரு மென்பொருள் நின்று, வரும் ஒவ்வொரு வினவலையும் பார்த்து, 'நீ அந்தப் பக்கம், நீ இந்தப் பக்கம்' என்று அனுப்பும். இதைச் சுமைப் பகிர்வு என்கிறார்கள்.

சுமைப் பகிர்வு என்றதும் நெய்வேலியில் அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கும் என் உறவினர், "அது எங்க வேலையாச்சே" என்றார். அவர் சொல்வது மின்சுமை. அங்கே ஒரு அலகு நின்றால் மற்ற அலகுகள் சுமையை ஏற்கும். நம் வீட்டு விளக்குக்கு எந்த அலகின் மின்சாரம் வந்தது என்று கேட்பதில் பொருளே இல்லை. எல்லாம் ஒரே தொகுப்பில் கலந்துவிடும். படிக்கும் வினவல் ஏறக்குறைய அப்படித்தான், யார் பதில் சொன்னாலும் ஒன்று. எழுதும் வினவலை அப்படிக் கலக்க முடியாது. அதற்கு எங்கள் ஊர் உதாரணமே மேல். கரும்பு அரவைக் காலத்தில் நெல்லிக்குப்பம் சாலையில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். "இன்னும் எத்தனை வண்டி முன்னால?" என்ற கேள்விக்கு வழியில் நிற்கும் யாரும் பதில் சொல்லலாம். எடை மேடையில் ஏறுவது மட்டும் ஒரு நேரத்தில் ஒரு வண்டி.

இனி ஒரு சிறு கணக்கு. கணித ஆசிரியர் எழுதினால் கணக்கு இல்லாமல் இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 ஜூன் மாத இறுதியில் ரயில்வே அமைச்சகம் தன் முன்பதிவு அமைப்பைப் புதுப்பிப்பது பற்றி வெளியிட்ட அறிவிப்பில் நான்கு எண்கள் இருந்தன. அப்போதைய திறன்: நிமிடத்துக்கு 32,000 பயணச்சீட்டுகள், 4 லட்சம் விசாரணைகள். புதிய அமைப்பின் இலக்கு: நிமிடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் பயணச்சீட்டுகள், 40 லட்சத்துக்கும் மேல் விசாரணைகள். ரயில்வேயே இரண்டையும் தனித்தனியாக எண்ணுகிறது என்பதைக் கவனியுங்கள். பயணச்சீட்டு எழுதும் வேலை. விசாரணை படிக்கும் வேலை. பழைய எண்களில் ஒரு சீட்டுக்குப் பன்னிரண்டரை விசாரணை. புதியதில் சீட்டு ஐந்து மடங்கு ஆகும்போது விசாரணை பத்து மடங்கு ஆகிறது.

அந்தப் பழைய எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு கற்பனைக் கணக்கைப் பலகையில் போட்டேன். (ரயில்வேயின் உள் அமைப்பு இதுதான் என்று சொல்லவில்லை, எண்கள் மட்டும் அவர்களுடையவை. ஒரு விசாரணையும் ஒரு முன்பதிவும் சம அளவு வேலை என்றும் எளிமைக்காக வைத்துக்கொண்டேன்.) மொத்தம் n கணினிகள். விசாரணையை n பேரும் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு முன்பதிவும் எல்லா நகல்களிலும் பதியப்பட வேண்டும்; அதைப் பங்கு போட முடியாது. எனவே ஒரு கணினியின் சுமை, ஆயிரங்களில், 32 + 400/n.

n = 1 என்றால் 432. இரண்டு கணினி என்றால் 232. நான்கு என்றால் 132. பத்து என்றால் 72. மாணவர்கள் உற்சாகமாக எண்ணைக் கூட்டிக்கொண்டே போனார்கள். நூறு கணினி வாங்கினாலும் 36. ஆயிரம் வாங்கினால் 32.4. "32-க்குக் கீழ போகவே போகாதா டீச்சர்?" போகாது. 400/n என்ற பகுதி எதிர் மாறுபாடு, n கூடக் கூடத் தேய்கிறது. 32 என்ற பகுதி அசையாமல் நிற்கிறது. எதிர் மாறுபாட்டை 'ஆட்கள் கூடினால் நாட்கள் குறையும்' என்ற கணக்கோடு நிறுத்திவிடும் நமக்கு, ஆட்களைக் கூட்டினாலும் குறையாத ஒரு பகுதியும் உண்டு என்று காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அப்படியானால் எழுதும் சுமையை என்ன செய்வது? நகல் எடுப்பதால் தீராது. பொருளையே பிரிக்க வேண்டும். ரயில்வேயில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஐந்து முன்பதிவு மையங்கள் உண்டு. ஒரு வண்டியின் இருக்கைக் கணக்கு ஏதாவது ஒரு மையத்துக்கு உரியது. நாம் எந்த ஊரில் இருந்து கேட்டாலும் கேள்வி அந்த வண்டிக்கு உரிய மையத்துக்குப் போகிறது. ஐந்து மூலங்கள், ஆனால் ஒரு வண்டிக்கு ஒரு மூலம்தான். மேல்நிலைப் பள்ளியில் ஒவ்வொரு வகுப்புக்கும் தனி வருகைப் பதிவேடு இருப்பதைப் போல.

இவ்வளவையும் பலகையில் சொன்னால் எட்டாம் வகுப்பு தூங்கிவிடும் என்பது எனக்குத் தெரியும். எனவே ஒரு விளையாட்டு வைத்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு பாடவேளை போதும், ஐந்து பழைய நோட்டுகளும் இரண்டு வண்ணத்தில் துண்டுத் தாள்களும் போதும்.

பிச்சாவரத்துக்குச் சுற்றுலா, பேருந்தில் இருபது இருக்கை. ஐந்து மாணவர்கள் ஐந்து நோட்டுகளோடு அறையின் ஐந்து இடங்களில் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் பயணிகள். 'காலி எது?' என்று கேட்க வெள்ளைத் தாள். 'எனக்கு இந்த இருக்கை' என்று கேட்க மஞ்சள் தாள். முதல் சுற்றில் யார் எந்த நோட்டுக்கும் போகலாம் என்று விட்டேன். இரண்டே நிமிடம். ஒன்றாம் எண் இருக்கை, அதாவது ஓட்டுநருக்குப் பின்னால் சன்னலோரம், நான்கு பேருக்குக் கிடைத்திருந்தது. வகுப்பில் நடந்த சண்டையைப் பார்த்துப் பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார்.

இரண்டாவது சுற்றில் ஒரு நோட்டை மட்டும் மூலம் ஆக்கினேன். மஞ்சள் தாள் எல்லாம் அங்கே. மூலக்காரி ஒரு இருக்கையை எழுதியதும், ஒரு சீட்டில் அதைக் குறித்து ஒரு தூதன் மூலம் மற்ற நான்கு நோட்டுகளுக்கும் அனுப்புவாள். இரட்டைப் பதிவு நின்றுவிட்டது. ஆனால் புதிதாக ஒரு குரல் கேட்டது. "அந்த நோட்டுல அஞ்சாம் நம்பர் காலின்னு இருந்துச்சு டீச்சர், இங்க வந்தா இல்லைங்கிறா!" தூதன் அப்போது பாதி வழியில் இருந்தான். மாமாவின் தட்கல் கேள்வியைக் கேட்ட அதே மாணவன், நான் வாய் திறப்பதற்கு முன், "அட, அதான் இதா!" என்றான். மூன்று வாரம் கடன்பட்டிருந்த பதிலை அவனே சொல்லிக்கொண்டான். குளிர்வசதி வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி என்று தட்கல் திறக்கும் அந்தக் கணத்தில், கேட்கும் நேரத்துக்கும் எழுதும் நேரத்துக்கும் இடையில் சில நொடிகள் இருக்கின்றன. அந்த நொடிகளில் எத்தனையோ பேர் எழுதிவிடுகிறார்கள். 'காலி' என்பது கேட்ட கணத்து உண்மை, வாக்குறுதி இல்லை.

அடுத்த சிக்கலை ஒரு மாணவி கண்டுபிடித்தாள். மூலத்தில் ஒன்பதாம் இருக்கையை எழுதிவிட்டு, உறுதி செய்துகொள்ள அருகில் இருந்த நகலிடம் போய், "ஒன்பது யாருக்கு?" என்று கேட்டாள். "காலி" என்று பதில் வந்தது. அவள் பதறிப்போய் மறுபடியும் மூலத்துக்கு ஓடி இன்னொரு மஞ்சள் தாள் கொடுத்தாள்.

இந்த இடத்தில் நான் விளையாட்டை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் நின்றேன். அவள் செய்ததை நானும் செய்திருக்கிறேன். மாணவர் விவரங்களை ஏற்றும் ஒரு செயலி; பெயர் வேண்டாம். ஒரு மாணவியின் வங்கிக் கணக்கு எண்ணைத் திருத்திச் சேமித்தேன். திரும்பத் திறந்தால் பழைய எண்ணே இருந்தது. 'ஏறவில்லை போலிருக்கிறது' என்று அவசரத்தில் மீண்டும் தட்டச்சு செய்தேன். இந்த முறை இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது. முதல் முறையே சரியாக ஏறியிருந்ததை, நானே சிரமப்பட்டுத் தவறாக்கியிருந்தேன். அந்த மாணவியின் உதவித்தொகை ஒரு தவணை தள்ளிப் போயிற்று. அந்தச் செயலியின் உள்ளே என்ன நடந்தது என்பதை நான் பார்க்க முடியாது. ஆனால் நகல் பின்தங்கும் எந்த அமைப்பிலும் இது நடக்கும் என்பது அந்த எட்டாம் வகுப்பு மாணவி எனக்குக் காட்டியது.

நல்ல அமைப்புகளில் இதற்கு ஒரு விதி உண்டு: எழுதியவர் கொஞ்ச நேரத்துக்கு மூலத்திடமே படிக்கட்டும். மற்றவர்களுக்கு நகல் போதும். எழுதியவருக்கு மட்டும் தன் எழுத்து உடனே தெரிய வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்துக்கு வாசல்காரனாக வேலை செய்யும் பி.ஜி.பூல் என்ற மென்பொருளில், ஒரு பரிவர்த்தனையில் ஒருமுறை எழுதிவிட்டால், அது முடியும் வரை அடுத்து வரும் படிக்கும் வினவல்களையும் மூலத்துக்கே அனுப்புவது இயல்பு அமைப்பாக இருக்கிறது. நம் தரப்பில் செய்யக்கூடியது ஒன்றுதான். சேமித்ததற்கான ஒப்புகைச் செய்தி வந்திருந்தால் அதைக் குறித்துக்கொண்டு, சில நிமிடம் கழித்து மீண்டும் திறந்து பார்க்க வேண்டும். பழையது தெரிகிறது என்பதற்காக உடனே மறுபடி எழுதக் கூடாது. இப்போது என் மேசையில் இதற்கென்று ஒரு சிறு நோட்டு இருக்கிறது: தேதி, நேரம், என்ன மாற்றினேன். பக்கத்து மேசைக்காரர் கேலி செய்கிறார், செய்யட்டும்.

யு.பி.ஐ.யில் இதன் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். 2025 ஆகஸ்ட் 1 முதல் ஒரு செயலியில் ஒரு நாளுக்கு 50 முறைக்கு மேல் வங்கி இருப்பைப் பார்க்க முடியாது என்று வரம்பு வந்தது. பார்ப்பதுதானே, அதில் என்ன சுமை என்று ஆசிரியர் அறையில் விவாதம் நடந்தது. இருப்புத்தொகை கேட்பது படிக்கும் வேலைதான். ஆனால் பத்து நிமிடம் பழைய இருப்பைக் காட்டினால் யாருக்கும் பயன் இல்லை. இந்த நொடியின் கணக்கு வேண்டும். புத்தம் புதிதாக வேண்டும் என்று கேட்கும் படிப்பு, சுமையில் எழுத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. தேர்வு முடிவைக் கேட்பதும் இருப்பைக் கேட்பதும் ஒரே செலக்ட் என்றாலும் இரண்டும் ஒன்றில்லை.

விளையாட்டின் கடைசிச் சுற்றுக்கு வருகிறேன். வாசலில் ஒரு மாணவனை நிறுத்தி, தாளின் வண்ணத்தைப் பார்த்துப் பிரிக்கச் சொன்னேன். எளிதாகச் செய்தான். பிறகு வண்ணத்தை எடுத்துவிட்டேன். எல்லாம் வெள்ளைத் தாள், எழுதியிருப்பதைப் படித்துத்தான் பிரிக்க வேண்டும். அதில் நானே ஒரு தாளைக் கலந்துவிட்டேன்: 'பின் வரிசையில் காலி உண்டா? இருந்தால் ஒன்று பிடித்து வை.' கேள்விக்குறி வரை படித்தவன் அதை நகலுக்கு அனுப்பிவிட்டான். நகல்காரி நல்ல மனதோடு தன் நோட்டில் ஒரு இருக்கையைக் குறித்து வைத்தாள். மூலத்துக்கு அது தெரியவே இல்லை.

கணினியிலும் இதே பொறி உண்டு. செலக்ட் என்று தொடங்கும் வினவல் எல்லாம் படிப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு அனுப்ப முடியாது. 'செலக்ட் ... ஃபார் அப்டேட்' என்று முடிந்தால், 'இதை நான் மாற்றப் போகிறேன், வேறு யாரும் தொடாமல் பிடித்து வை' என்று பொருள். அது மூலத்துக்குத்தான் போக வேண்டும். அடுத்த வரிசை எண்ணைக் கேட்கும் வினவலும் செலக்டில்தான் தொடங்கும். ஆனால் மருத்துவமனையில் டோக்கன் எந்திரத்தை அமுக்குவது போல, கேட்பதே எண்ணை ஒன்று கூட்டிவிடும். இன்னும் சிக்கலானது, செலக்டுக்குள் அழைக்கப்படும் செயற்கூறு. அதன் பெயரைப் பார்த்து, அது உள்ளே எதையாவது எழுதுகிறதா என்று வாசலில் நிற்பவனுக்கு எப்படித் தெரியும்? பி.ஜி.பூல் இதற்கு நாம் வீட்டில் பயன்படுத்தும் வழியையே வைத்திருக்கிறது: பட்டியல். எழுதக்கூடிய செயற்கூறுகள் இவை, படிக்க மட்டும் செய்பவை இவை என்று நிர்வாகி முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம்.

கேள்வி போலத் தோன்றும் எழுத்தால் வந்த வம்புக்கு ஒரு புகழ்பெற்ற சம்பவம் உண்டு. 2005-இல் கூகுள் நிறுவனம் வெப் ஆக்சிலரேட்டர் என்ற கருவியை வெளியிட்டது. நாம் பார்க்கும் பக்கத்தில் உள்ள இணைப்புகளை அது முன்கூட்டியே போய்ப் படித்து வைத்துக்கொள்ளும்; நாம் அமுக்கும்போது பக்கம் விரைவாக வரும். இணைப்பு என்றால் படிப்பதற்கு மட்டும் என்று அது நம்பியது. சில தளங்களில் 'நீக்கு' என்பதையும் சாதாரண இணைப்பாகவே வைத்திருந்தார்கள். கருவி ஒவ்வொன்றாகப் போய்ப் 'படித்தது'. பயனாளர்களின் தகவல்கள் ஒவ்வொன்றாக நீங்கின. யாரும் எதையும் அமுக்கவில்லை.

வாசலில் நின்ற மாணவனிடம், "புரியாத தாள் வந்தா என்ன செய்வ?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூலத்துக்கே அனுப்பிடுவேன்" என்றான். ஏன் என்று கேட்டதற்கு அவனால் விளக்கத் தெரியவில்லை. காரணம் எளிது. படிக்கும் வேலையைத் தவறாக மூலத்துக்கு அனுப்பினால் மூலத்துக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை, அவ்வளவுதான். எழுதும் வேலையைத் தவறாக நகலுக்கு அனுப்பினால் கணக்கே பிசகும். போஸ்ட்கிரெஸில் நகல் அதை ஏற்காது. 'என்னிடம் எழுத முடியாது' என்று பிழைச் செய்தி தரும். மைசீக்வலில் நகலைப் 'படிக்க மட்டும்' என்று நிர்வாகி அமைத்திருக்க வேண்டும். மறந்தால் நகலும் எழுதிக்கொள்ளும். அன்று முதல் மூலம் ஒன்று சொல்லும், நகல் ஒன்று சொல்லும். என் 'கே'யும் தலைமையாசிரியரின் 'ஜி'யும் போல.

மணி அடிக்கும் நேரத்தில் முதல் வரிசையில் இருந்து ஒரு கேள்வி வந்தது. "மூல நோட்டு வச்சிருக்கிறவளுக்குத் திடீர்னு காய்ச்சல் வந்து வீட்டுக்குப் போயிட்டா?" நான்கு நகல்களில் ஒன்றை மூலமாக்க வேண்டும் என்றேன். எதை? "நல்ல கையெழுத்து இருக்கிறவளை" என்றது ஒரு குரல். "யார் நோட்டுல கடைசிச் சீட்டு வரைக்கும் ஏறியிருக்கோ அவளை" என்றாள் ஒன்பதாம் இருக்கைக்காரி. நான்கு நோட்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்து எண்ணினோம். ஒன்றில் பதினான்கு இருக்கைகள் ஏறியிருந்தன, இரண்டில் பதின்மூன்று, இன்னொன்றில் பதினொன்று. மூல நோட்டில் பதினைந்து. அந்தப் பதினைந்தாவது ஆளின் சீட்டு, பிரிக்கப்படாமல், தூதனின் சட்டைப் பையில் இருந்தது.